‘வந்தான்’, ‘வந்துவிட்டான்’

(கோல் மார்க்கெட்டில் நடைபெற்ற நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழாவிலே இலக்கணம் பேசப் புகுவது, கல்யாணப் பந்தியிலே கஷாயம் பரிமாறுவது போன்றது என்பதை நாம் அறியாமல் இல்லை. எனினும் சென்ற கோடை விடுமுறையில் நமது காலனியில் நிகழ்ந்த ஒரு சிறு குழப்பம், நம்மை இந்தப் பொருளின்பால் ஈர்த்துவிட்டது. அந்தக் குழப்பத்துக்குக் காரணமாய் இருந்தது ஒரேயொரு வினைச்சொல். அந்த வீட்டாரும் இங்கே வந்திருக்கிறார்கள். அவர்களுடைய இசைவைப் பெற்றே இதனைக் கூறுகின்றோம்.

மயிலாடுதுறையிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், மூன்று மாதம் மகன் வீட்டில் தங்கியிருந்து, ஊருக்குப் புறப்பட்டார். மகனும் மருமகளும் அவரை ரயிலேற்றி அனுப்பச் சென்றிருந்தனர். ஒன்பது வயதுப் பேத்தி அடுத்த வீட்டு அம்மாளின் துணையோடு வீட்டில் இருந்தாள். அந்நேரம் பார்த்துத் திருச்சியிலிருந்து அத்தை தொலைபேசியில் அழைத்தாள்.

“தாத்தா எங்கே கண்ணு?”

“தாத்தா போயிட்டார் அத்தை.”

“ஐயையோ! எப்போடீ?”

“இப்பத்தான், அரை மணி ஆச்சு. அப்பாவும் அம்மாவும் கொண்டுபோயிருக்காங்க.”

அத்தைக்கு அதற்கு மேல் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. அவள் அலறிய அலறலில் குழந்தை பயந்து தொலைபேசியை வைத்துவிட்டது. மகன் ரயில் நிலையத்திலிருந்து வீடு திரும்புவதற்குள் திருச்சி, கும்பகோணம், மதுரை ஆகிய மூன்று ஊர்களிலும் உறவினர் டில்லிக்குச் செல்லும் வண்டியைத் தேடத் தொடங்கியிருந்தனர். பெரியவரோ மதுரா தாண்டிய பிறகு வரும் வெயிலைப் பற்றிக் கவலைப்பட்டவராய், ஜன்னலோரத்தில் அமர்ந்து மருமகள் கட்டிக் கொடுத்த புளியோதரையை உண்டுகொண்டிருந்தார்.

சிரிக்கின்றீர்கள். நாமும் சிரித்தோம். ஆனால் பிறகு அமர்ந்து எண்ணிப் பார்த்தபோது, அந்தக் குழந்தை செய்த பிழை யாது என்று நம்மால் எளிதில் கூற இயலவில்லை. ‘போய்விட்டார்’ என்பது இலக்கணப்படி முற்றிலும் சரியான சொல். தாத்தா புறப்பட்டார், இப்போது வீட்டில் இல்லை, ஆகவே போய்விட்டார். எழுவாய் சரி, காலம் சரி, மரியாதை விகுதியும் சரி. அப்படியிருக்க, அத்தையின் உயிரை உலுக்கியது எது? ‘போ’ என்னும் வினை அன்று. அதன் பின்னே ஒட்டிக்கொண்டு நின்ற ‘விடு’ என்னும் சிறு வினையே.

இந்த ‘விடு’ எங்கிருந்து வந்தது? இதற்குத் தனியே ஒரு வாழ்வு உண்டு. கையைப் பிடித்திருந்தவன் கையை விடுகிறான். அம்பை வில்லிலிருந்து விடுகிறான். பிடியைத் தளர்த்துதல், நீங்குதல், நீங்கச் செய்தல் என்பனவே இதன் அடிப்படைப் பொருள்கள். விடுதலை, விடுமுறை, விடுதி ஆகியன யாவும் இதன் மக்கள். சர்க்கார் ஊழியருக்கு உயிரினும் இனிய ‘விடுப்பு’ என்பதும் இதன் பிள்ளையே. பிறவியிலிருந்து நீங்கும் முத்தியை ‘வீடு’ என்று முன்னோர் கூறியதும் இந்த வினையிலிருந்து பிறந்த பெயராலேயாம்.

இந்த வினை, மற்றொரு வினையின் எச்சத்தின் பின்னே சென்று அமரும்போது தன் சொந்தப் பொருளைப் பெரும்பாலும் உதிர்த்துவிடுகிறது. ‘வந்துவிட்டான்’ என்றால், வந்து எதையோ கையிலிருந்து நழுவ விட்டான் என்பது பொருளன்று. வந்த செயலுக்கே ஓர் அழுத்தம் கொடுத்து நிற்கிறது அது. இத்தகைய சொல்லை இக்காலத்தார் துணைவினை என்பர். பிற்காலத்து இலக்கண ஆசிரியர், ‘விடு’ தரும் இப்பொருளைத் துணிவுப் பொருள் என வகுத்தனர். துணிவு என்றால் இங்கே வீரம் அன்று, ஐயமறத் தெளிதல்.

அழுத்தம் தருவதற்குத் தமிழில் வேறு வழி இல்லையோ என்றால், நிரம்ப உண்டு. தொல்காப்பியர் இடையியலில் ஏகாரத்துக்கு ஐந்து பொருள் கூறுகிறார். அவற்றுள் ஒன்று தேற்றம், அஃதாவது உறுதிப்பாடு. அவ்வாறு தெளிவுப் பொருளில் வரும் ஏகாரம் வழக்கமான அளவினும் நீண்டு ஒலிக்கும் என்பதையும் அவர் நுட்பமாகக் குறித்து வைத்தார். ‘நானே பார்த்தேன்’ என்று நம் வீட்டுப் பையன் சத்தியம் செய்யும்போது அந்த ‘ஏ’ எவ்வளவு நீளம் போகிறது என்பதைக் கவனித்தால், அந்த முதுபெரும் புலவரின் செவி எத்தகையது என்பது புலனாகும். மிகுதியைக் காட்ட உறு, தவ, நனி என்னும் உரிச்சொற்களையும் அவர் சொல்லிச் சென்றார். நன்னூலார் அப்பட்டியலை ஆறாக்கினார். ஆனால் அவை மிகுதியை மட்டுமே காட்டுபவை. ஒரு செயல் ‘நடந்தே முடிந்தது, இனி மாற்றுவதற்கில்லை’ என்று செயலுக்கே முத்திரை குத்துவது ‘விடு’ போன்ற துணைவினையின் தொழில்.

இப்போது ஒரு வேறுபாட்டைப் பாருங்கள். ‘மழை பெய்தது’ என்று ஒருவர் சொன்னால் அது செய்தி. ‘மழை வந்துவிட்டது!’ என்று ஓர் அம்மாள் கூவினால், மொட்டைமாடியில் வடாம் காய்கிறது என்று பொருள். ‘பால் பொங்கியது’ என்பது பொங்கல் திருநாள். ‘பால் பொங்கிவிட்டது’ என்பது அடுப்பங்கரையில் நேர்ந்த அசம்பாவிதம். ‘கண்ணாடி உடைந்தது’ என்று வேற்றாள் சொல்லலாம். ‘உடைந்துவிட்டது அம்மா’ என்று நடுங்கிக்கொண்டு சொல்கிறவனே உடைத்தவன். ‘பரீட்சை எழுதினேன்’ என்பது எழுதிய கதை. ‘எழுதிவிட்டேன்’ என்பது, இனி என்னைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்ற அறிவிப்பு. அலுவலகத்திலும் இதனைக் காணலாம். ‘கோப்பை அனுப்பினேன்’ என்பவர் இன்னும் அதைப் பற்றி ஏதோ கூற இருக்கிறார். ‘அனுப்பிவிட்டேன்’ என்பவர் கையைக் கழுவி, மேசையையும் துடைத்துக்கொண்டு எழுந்து நிற்கிறார்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது நமக்குத் தோன்றுவது ஒன்று. ‘விடு’ செயலின் முடிவைக் காட்டுகிறது என்று மட்டும் கூறினால் பாதியே கூறியவராவோம். அது, அந்தச் செயலை யாரோ ஒருவர் எதிர்நோக்கியிருந்தார் அல்லது அஞ்சியிருந்தார் என்பதையும் சேர்த்துக் காட்டுகிறது. காத்திருந்தவன் உள்ளம் அதற்குள் இருக்கிறது. நமது ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒரு மாணவன், ‘காந்தியடிகள் 1869-ஆம் ஆண்டு பிறந்துவிட்டார்’ என்று எழுதியிருந்தான். இலக்கணப் பிழை ஏதும் இல்லை. ஆயினும் யாரோ தடுக்க முயன்றும் முடியாமற்போயிற்று என்பது போன்றதொரு தொனி அதில் எழுகிறது! வரலாற்றுக்கு வெறும் ‘பிறந்தார்’ போதும். அதே மாணவன் தன் தம்பி பிறந்த அன்று மருத்துவமனை வாசலில் நின்று, ‘தம்பி பிறந்துட்டான்!’ என்று கூவினால் அதைவிடப் பொருத்தமான சொல் வேறில்லை.

இந்த இடத்தில் பத்திரிகைத் தமிழைப் பற்றியும் ஒரு வார்த்தை. எவ்விதத் தேவையும் இன்றி ஒவ்வொரு வினைக்கும் பின்னே ‘விட்டது’, ‘விட்டார்’ என்று ஒட்டி எழுதும் வழக்கம் சிலரிடம் மலிந்திருக்கிறது. உப்பு நல்லதுதான், பாயசத்திலும் அள்ளிப் போடுவதா?

இனி எதிர்காலத்துக்கு வருவோம். ‘நாளை வருவேன்’ என்பதற்கும் ‘நாளை வந்துவிடுவேன்’ என்பதற்கும் இடையே உள்ள தூரம், தாய்மார்கள் நன்கறிந்த தூரம். இங்கே நம் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறுவதற்கு மன்னிக்க வேண்டும். கடிதங்களே ஊரையும் டில்லியையும் பிணைத்த காலம் அது. ஓராண்டு, ‘தீபாவளிக்கு வருவோம்’ என்று நம் தாயாருக்கு எழுதியிருந்தோம். எட்டாம் நாள் மறுமொழி வந்தது. மூன்றாம் வகுப்பு வரை மட்டுமே படித்த அவர், தம் கோணல் எழுத்தில் கேட்டிருந்தார்: ‘வருவோம் என்று எழுதியிருக்கிறாய். வந்துவிடுவோம் என்று எழுதவில்லையே. லீவு கிடைக்கவில்லையா?’

லீவு கிடைக்கத்தான் இல்லை. அதை மறைப்பதற்காகவே சொற்களை அளந்து எழுதியிருந்தோம். ஆனால் உள்ளத்தில் உறுதி இல்லாதபோது, ‘விடு’ என்னும் அந்தச் சொல் பேனா முனைக்கு வர மறுத்துவிட்டது. எழுதியவனே அறியாத அந்தக் குறையை, படித்தவர் கண்டுகொண்டார். அவ்வாண்டு நாம் போகவில்லை. மறு ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை, நம் தமையனார் தொலைபேசியில் கூறியவை இரண்டே சொற்கள்: ‘அம்மா போயிட்டா.’

ஆகவேதான் திருச்சி அத்தையின் அலறலை நம்மால் வெறும் நகைச்சுவையாக எண்ண முடியவில்லை. பெரியவர் ஒருவரைக் குறித்து, எங்கே என்று சொல்லாமல், ‘போய்விட்டார்’ என்று மட்டும் சொன்னால், கேட்கும் தமிழ்ச் செவி முதலில் அஞ்சுவது அதைத்தான். ‘ஊருக்குப் போயிட்டார்’ என்றால் கவலை இல்லை. ‘கிளம்பிட்டார்’ என்றாலும் கவலை இல்லை. போகும் இடம் சொல்லப்படாதபோது, ‘விடு’ அந்தப் போதலைத் திரும்பி வாராத போதலாக ஆக்கிவிடுகிறது.

நம்மவர் விடைபெறும்போது ‘போகிறேன்’ என்று சொல்லமாட்டார்; ‘போய் வருகிறேன்’ என்பார். வழியனுப்பும் பாட்டி என்ன சொல்கிறாள்? ‘போ’ என்பதில்லை. ‘போய்விடு’ என்றால் அது சண்டை. துரத்துகிறாள் என்று பொருள். ‘போய்விட்டு வா’ என்கிறாள். அதே போ, அதே விடு. பின்னால் ஒரு ‘வா’ சேர்ந்தவுடன் வசை வாழ்த்தாகிவிட்டது பாருங்கள்! நம் குழந்தைகளுக்கு இந்த மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டை எந்தப் பாடநூலும் ஒரே பக்கத்தில் சொல்லித் தந்து நாம் கண்டதில்லை. வாசற்படியில் நின்று கேட்டுக் கேட்டு வருவது அது. இங்கே வாசற்படியில் பாட்டி நிற்பது ஆண்டுக்கு மூன்று மாதமே.

‘போய்விடு’ ஒன்று, ‘போகவிடு’ வேறொன்று. முன்னதில் போகிறவனே விலக வேண்டும். பின்னதில் அவனைத் தடுத்து நிற்பவன் வழிவிட வேண்டும். ‘போய்’ என்னும் இறந்தகால எச்சத்தோடு சேரும் ‘விடு’ அழுத்தம் தருகிறது. ‘போக’ என்னும் எச்சத்தோடு சேரும் ‘விடு’ தன் பழைய பொருளையே, அஃதாவது பிடியைத் தளர்த்துதலையே, காட்டுகிறது. இந்தியில் ‘சலா ஜா’ என்பதும் ‘ஜானே தோ’ என்பதும் எவ்வளவு வேறோ, அவ்வளவு வேறு. இந்தியில் இவற்றைக் குழப்பாத நம் பிள்ளைகள் தமிழில் குழப்புகிறார்கள். காரணம், பேச்சில் ‘விடு’ முழு உருவோடு ஒலிப்பதில்லை. வந்துவிட்டான், வந்துட்டான் ஆகிறது; போய்விடு, போயிடு ஆகிறது. வகரம் உதிர்ந்து, சொல்லின் வாலில் ஓர் இரட்டை டகரமாக மட்டும் ‘விடு’ ஒளிந்துகொள்கிறது. வீட்டில் ‘வந்துட்டான்’ என்பதை மட்டுமே கேட்டு வளரும் குழந்தைக்கு, அதனுள்ளே ‘விடு’ என்று ஒரு சொல் இருப்பதே தெரியாது. தேர்வில் அவ்வாறே எழுதுகிறது. திருத்துகிறவரோ அவசரத்தில் அதை அடித்து ‘வந்தான்’ என்று போடுகிறார். எழுத்து திருந்தியது, பொருள் போயிற்று.

எச்சமாக வரும்போதும் இதன் தொழில் நுட்பமானது. ‘கதவைத் திறந்து பார்’ என்றால் திறப்பதே பார்ப்பதற்காக. ‘கதவைத் திறந்துவிட்டுப் பார்’ என்றால் திறப்பது தனி, பார்ப்பது தனி. ‘படித்துத் தூங்கினான்’ என்று யாரும் சொல்வதில்லை; ‘படித்துவிட்டுத் தூங்கினான்’ என்போம். ஏனெனில் படிப்பு தூக்கத்துக்கு வழியன்று. (சிலருக்கு வழிதான் என்று பின்வரிசையிலிருந்து ஓர் அன்பர் கூறுகிறார். அவர் கூற்றையும் ஏற்றுக்கொள்கின்றோம்.)

இனி, நாம் குடியேறி வாழும் இந்த ஊரின் மொழிக்கு வருவோம். இந்த வட்டாரத்தின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1921-ஆம் ஆண்டில் புது டில்லி உருவாகிக்கொண்டிருந்தபோது, பன்னிரண்டு பக்கங்களோடு, ஏறத்தாழ வட்டமாக எழுந்த அங்காடி இது. இந்தியில் ‘கோல்’ என்றால் வட்டம். தமிழில் ‘கோல்’ என்றால் வளையாது நேரே நிற்பது! வளைந்ததை நேரென்றும், நேரானதை வளைந்ததென்றும் இரண்டு மொழிகள் ஒரே ஒலியால் கூற, இரண்டுக்கும் நடுவே நம் பிள்ளைகள் வளர்கிறார்கள். அவர்கள் தடுமாறுவதில் வியப்பென்ன?

ஆனால் இந்தத் துணைவினை விஷயத்தில், இந்தி நமக்குப் பகையன்று, பெருந்துணை. ‘ஆயா’ என்றால் வந்தான். ‘ஆ கயா’ என்றால் வந்துவிட்டான். ‘தியா’ கொடுத்தான், ‘தே தியா’ கொடுத்துவிட்டான். ‘கா லியா’ என்பதில், எடுத்தல் என்னும் பொருளுடைய வினை, நம்முடைய ‘கொள்’ போல, தன் பொருட்டுச் செய்ததைக் காட்டுகிறது. ‘மார் டாலா’ என்பதில், போடுதல் என்னும் பொருளுடைய வினை வன்மையை ஏற்றுகிறது. ‘கஹ் பைட்டா’ என்றால் சொல்லி உட்கார்ந்தான் என்பதல்ல. யோசனையின்றிச் சொல்லித் தொலைத்தான் என்பது. எச்சம் ஒன்று, அதன் பின்னே தன் பொருளை உதிர்த்த ஒரு வினை என்னும் அமைப்பு இரண்டு மொழிக்கும் பொது. அந்த இரண்டாவது வினை எது என்பதில்தான் ஒவ்வொரு மொழியும் தன் வழியே செல்கிறது. இந்தி பெரும்பாலும் ‘போ’வைத் தேர்ந்தது, தமிழ் ‘விடு’வைத் தேர்ந்தது.

பொதுமை இருக்கும் இடத்தில்தான் வழுக்கலும் இருக்கும். வகுப்பில் ஒரு சிறுவன், ‘பீ லியா’ என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, ‘பாலைக் குடித்து எடுத்தேன்’ என்றான். மற்றொருத்தி ‘புத்தகத்தைக் கொடுத்துக் கொடுத்தேன்’ என்றாள். இவர்களைப் பார்த்து நகைப்பது எளிது. ஆனால் அவர்கள் வெறும் ‘குடித்தேன்’ என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே? குடித்து முடித்ததைச் சொல்ல ஒரு துணைவினை வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. உணர்வு இருக்கிறது, தமிழ்ச் சொல் கைக்கு எட்டவில்லை. ‘குடித்துவிட்டேன்’ என்று ஒருமுறை எடுத்துக் கொடுத்தால் போதும், சட்டென்று பற்றிக்கொள்கிறார்கள்.

அண்டை வீட்டாரிடமும் கேட்டுப் பார்த்தோம். கன்னடத்தார் நம்முடைய ‘விடு’வையே ‘பிடு’ என்று வைத்திருக்கிறார்கள். ‘பந்துபிட்ட’ என்றால் வந்துவிட்டான். தெலுங்கர் இங்கே போடுதல், எறிதல் என்னும் பொருளுடைய ‘வேயு’ என்னும் வினையை மிகுதியும் ஆள்கிறார்கள். மலையாளத்தார் நீக்குதல், எறிதல் என்னும் பொருளுடைய ‘களயுக’ என்பதைக் கொண்டு ‘மறந்நுகளஞ்ஞு’ என்கிறார்கள். இஃது இந்நாட்டோடும் நின்றுவிடவில்லை. ஜப்பானியர், எடுத்து ஒதுக்கிவைத்தல், முடித்தல் என்னும் பொருளுடைய ‘ஷிமாவ்’ என்னும் வினையை மற்றொரு வினையின் பின்னே சேர்த்து, முடிந்துபோயிற்று என்பதையும், ஐயோ என்னும் வருத்தத்தையும் ஒருங்கே காட்டுகின்றனர். நம் ‘உடைந்துவிட்டது’ போலவேதான். கொரியருக்கு இதே தொழிலைச் செய்வது, எறிந்துவிடுதல் என்னும் பொருளுடைய ஒரு வினை.

மொழிநூல் வல்லார் இதனைத் துருவி ஆராய்ந்திருக்கின்றனர். 1956-ல் எமனோ என்னும் அறிஞர், இந்தியாவின் பல குடும்ப மொழிகளும் நீண்ட நாள் ஒருங்கு வாழ்ந்தமையால் ஒன்றன் இயல்பை ஒன்று ஏற்றன என்னும் கருத்தை ஒரு கட்டுரையில் நிறுவினார். 1976-ல் மசிகா என்பவர், இத்தகைய இரட்டை வினைகள் எந்தெந்த நாடுகளில் பரவியிருக்கின்றன என்று ஆராய்ந்து, இந்தியாவிலிருந்து நடு ஆசியா வழியாகக் கொரியா, ஜப்பான் வரை அவற்றைத் தொடர்ந்து சென்றார். தமிழின் துணைவினைகளைப் பற்றியே ஷிஃப்மன் என்னும் அமெரிக்கர் 1969-ல் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு அளித்தார். மைசூரில் உள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தின் இயக்குநராய் விளங்கிய இ. அண்ணாமலை அவர்கள், 1985-ல் இத்துணைவினைகளைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். அடுப்பங்கரையில் நாம் நாள்தோறும் கொட்டிச் சிந்தும் ஒரு சொல்லுக்கு இத்தனை பேர் தம் வாழ்நாளின் பல ஆண்டுகளைச் செலவிட்டனர் என்று எண்ணும்போது, நமக்கே சற்று நாணம் உண்டாகிறது.

எதிர்மறையில் ஒரு விந்தை உண்டு, அதையும் சொல்லிவிடுகின்றோம். ‘அவன் வந்துவிட்டானா?’ என்று கேட்டால், ‘வரவில்லை’ என்றுதான் விடை சொல்வோம். ‘வந்துவிடவில்லை’ என்று சாதாரணமாகச் சொல்லோம். இந்தியிலும் அப்படித்தான். ‘நஹீன் ஆயா’ என்பார்களேயன்றி, ‘ஆ கயா’வோடு ‘நஹீன்’ சேர்ப்பது அரிது. நடவாத செயலுக்கு முடிவேது, முத்திரையேது? ஆயினும் ஓரிடத்தில் ‘விடவில்லை’ என்பது தமிழில் மிக வலிவோடு வருகிறது. எதிரே இருப்பவர் ஒன்றைத் தாமாகவே முடிவு செய்துகொண்டு நம்மேல் சாட்டும்போது, அதை மறுப்பதற்கு. ஊருக்குச் சென்றால் உறவினர், ‘உங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் எங்கே தெரியப்போகிறது?’ என்கிறார்கள். அதற்கு நாம், ‘நாங்கள் தமிழை மறக்கவில்லை’ என்று சொன்னால் அது தகவல். ‘ஒன்றும் மறந்துவிடவில்லை’ என்றால் அது வழக்கில் எதிர்வாதம்.

விலக்கி ஏவுவதிலும் அவ்வாறே. குழந்தை சுவரின் மேல் ஏறி நடக்கிறது. கீழே நிற்கும் தாய் ‘விழாதே’ என்று சொல்வதைவிட, ‘விழுந்துவிடாதே’ என்று சொல்வதே மிகுதி. யாரும் வேண்டுமென்று விழுவதில்லை. தானே நேர்ந்துவிடக்கூடிய ஒன்றைத் தடுக்க, வெறும் ஏவல் போதாது. ‘ஓடாதே’ என்பது கட்டளை. ‘விழுந்துவிடாதே’ என்பது கவலை. இந்தக் கவலை முழுவதையும் ஏந்தி நிற்பது அந்த ‘விடு’.

விடுவின் சுற்றத்தாரைப் பற்றி விரித்துரைக்க இன்று நேரம் இல்லை. எழுதித் தள்ளுகிறவரும், சொல்லிவைக்கிறவரும், வந்து தொலைகிறவரும், செய்தே தீருகிறவரும் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு அடுத்த ஆண்டு விழாவில் தனியே இடம் ஒதுக்குமாறு செயலாளரை வேண்டிக்கொள்கின்றோம். அவர் இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.

ஒன்று மட்டும் கூறவேண்டும். சர்க்கார் குடியிருப்பில் வாழ்கின்றவர் அறுபது வயது நிரம்பியதும் ஒரு நாள் சாவியை ஒப்படைத்தாக வேண்டும். முப்பதாண்டு வாழ்ந்த இடம். மகள் மணக்கோலத்தில் நின்ற கூடம். வேப்பமரத்தடியில் கட்டில் போட்டுப் படுத்த முற்றம். சென்ற மாதம் நண்பர் ஒருவர் அவ்வாறு ஒப்படைத்துத் திரும்பினார். எல்லாம் முடிந்ததா என்று கேட்டோம். ‘வீட்டை விட்டுவிட்டோம்’ என்றார். எத்தனை ‘விடு’ என்று எண்ணிப் பாருங்கள். முதலாவது, பெயராகி நின்ற வீடு. இரண்டாவது, பிடியை நெகிழ்த்திய விடு. மூன்றாவது, இனி அதைப் பற்றிப் பேசாதே என்று வாயை அடைத்த விடு. நாம் அதற்கு மேல் அவரை ஒன்றும் கேட்கவில்லை.

தொடக்கத்தில் சொன்ன மயிலாடுதுறைப் பெரியவர் இவ்வாண்டும் டில்லிக்கு எழுந்தருளியிருக்கிறார். அதோ, மூன்றாம் வரிசையில், தம்மைப் பற்றிய பேச்சென்று அறிந்து முகத்தைத் துண்டால் மறைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார். அவர் வந்து இறங்கிய அன்று, பேத்தி யாரும் ஏவாமலே திருச்சிக்குத் தொலைபேசியில் பேசினாளாம். ‘அத்தை, பயப்படாதே. தாத்தா வந்துட்டார்’ என்றாளாம்.